பரணியில் ஊறாத நஞ்சு

நவம்பர் முடியும்போது கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டார வீடுகளில் பரணிகள், அதாவது பெரிய சாடிகள், கழுவப்பட்டு வெயிலில் காய்கின்றன. கிறிஸ்துமஸுக்கு வைன் போடும் காலம் அது. நெய்யாற்றின்கரையில் 1996-இல் லத்தீன் மறைமாவட்டம் அமைந்தது. பாறசாலையில் 2017-இல் மலங்கரை கத்தோலிக்க மறைமாவட்டம் அமைந்தது. இரண்டுக்கும் வெகுகாலம் முன்பே சீர்திருத்தத் திருச்சபையினர் இங்கே இருந்தார்கள். தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கமும் இதே வழக்கம்தான். கேக்குடன் சிறு கிளாஸில் வைன் தருவார்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வாய் கிடைக்கும்.

செய்முறை வீட்டுக்கு வீடு சற்றே மாறும். அடிப்படை ஒன்றுதான். ஒரு கிலோ கறுப்புத் திராட்சை, ஒரு கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு பிடி கோதுமை, கறுவாப்பட்டை, கிராம்பு, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். தினமும் ஒருமுறை கிளறுவார்கள். 21 நாள் கழித்து வடிகட்டுவார்கள்.

பரணிக்குள் நடப்பது எளிய வேதியியல். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இரண்டு பொருள்களை வெளியிடுகிறது. ஒன்று எத்தனால், அதாவது குடிக்கும் மதுவில் உள்ள ஆல்கஹால். மற்றொன்று கார்பன் டை ஆக்சைடு வாயு. ஒரு கிலோ சர்க்கரை முழுவதும் புளித்தால் சுமார் 250 லிட்டர் வாயு வரும். அது வெளியேற வழியில்லாமல் இறுக மூடிய கண்ணாடிச் சாடி வெடிக்கும். மூடியைத் தளர்த்தி வைத்தாலோ துணி கட்டி வைத்தாலோ அந்த ஆபத்து இல்லை.

ஆல்கஹாலின் அளவுக்கும் எல்லை உண்டு. பேக்கரி ஈஸ்ட் பொதுவாக 12, 13 விழுக்காட்டுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. தான் உண்டாக்கிய ஆல்கஹாலிலேயே அது செயலிழக்கும். மிஞ்சிய சர்க்கரைதான் வீட்டு வைனின் இனிப்பு. அந்த இனிப்பில் போதையின் அளவு நாக்குக்குத் தெரியாது. 12 விழுக்காட்டு வைன் இரண்டு டம்ளரில், அதாவது 300 மி.லி.யில், 36 மி.லி. எத்தனால் இருக்கிறது. அதை ஒரு மணி நேரத்தில் குடித்த 60 கிலோ எடையுள்ளவரின் இரத்தத்தில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 50 மி.கி. ஆல்கஹால் இருக்கும். வண்டி ஓட்டுவோருக்குச் சட்டம் வைத்துள்ள வரம்பு 30 மி.கி.

இவ்வளவுதான் பரணியின் ஆபத்து. மூடியையும் அளவையும் கவனித்தால் இரண்டும் அடங்கும்.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. கேரளத்தின் அப்காரிச் சட்டம் கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது 1902-இல், கொச்சி சமஸ்தானத்தில் பிறந்தது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அதன் 55-ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை 10 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். 2019 கிறிஸ்துமஸுக்கு முன் கலால் துறை விடுத்த எச்சரிக்கை, வீட்டு வைனும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று நினைவூட்டியது. 2022-இல் பழ வைன் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு உரிமம் தரும் விதிகள் வந்தன. திருச்சூர் வெள்ளானிக்கரையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம் ‘நிளா’ என்ற பெயரில் பழ வைன் தயாரித்தது. உரிமம் இல்லாத பரணி இன்றும் சட்டத்துக்கு வெளியில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு டிசம்பரிலும் ஓர் அச்சம் பரவுகிறது. வீட்டு வைன் விஷமாகிவிடும், அதில் மெத்தனால் உண்டாகும் என்பது அந்த அச்சம். அதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மை உண்மையான ஆபத்தின் இடத்தை மறைக்கிறது.

பழத்தில் உள்ள மெத்தனால்

மெத்தனால் எத்தனாலின் நெருங்கிய உறவு. நிறம் இல்லை. மணத்திலும் சுவையிலும் பெரிய வேறுபாடு இல்லை. மரத்தைச் சூடாக்கி எடுத்ததால் முன்பு மர ஆல்கஹால் எனப்பட்டது. இன்று தொழிற்சாலைகளில் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் தயாராகிறது. பெயின்ட் தின்னர், பிளைவுட் பசை, மருந்து மூலப்பொருள் ஆகியவற்றுக்கு வேண்டிய பொருள் அது. இந்தியா பயன்படுத்தும் மெத்தனாலில் பெரும்பகுதி கப்பலில் வந்திறங்கி, டேங்கர் லாரிகளில் ஆலைகளுக்குப் போகிறது.

பழத்திலும் மெத்தனால் உண்டாகும். பழத்தோலிலும் சதையிலும் பெக்டின் என்ற பொருள் உண்டு. ஜாமைக் கெட்டியாக்குவது அதுதான். பழம் புளிக்கும்போது பெக்டின் சிதைந்து சிறிதளவு மெத்தனால் வெளிப்படும். தோலோடு ஊறும் சிவப்பு வைனில் கூடுதல், வெள்ளை வைனில் குறைவு. பன்னாட்டுத் திராட்சை, வைன் அமைப்பு இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. சிவப்பு வைனில் லிட்டருக்கு 400 மி.கி., வெள்ளை வைனில் 250 மி.கி.

இனி கணக்கு. 10 மி.லி. மெத்தனால் பார்வையைப் பறிக்கப் போதும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 30 மி.லி. உயிரைப் பறிக்கலாம். 10 மி.லி. மெத்தனாலின் எடை 7.9 கிராம். லிட்டருக்கு 400 மி.கி. மெத்தனால் உள்ள வைனிலிருந்து அந்த அளவு உடலுக்குள் போக, 20 லிட்டர் குடிக்க வேண்டும்.

அந்த வைனையே காய்ச்சி வடித்தால்? மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78.4 டிகிரியில். வடிக்கும்போது இரண்டும் சேர்ந்தே மூன்று, நான்கு மடங்கு செறிவடையும். அப்போதும் 10 மி.லி. மெத்தனாலுக்கு ஐந்து லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். அத்தனை சாராயத்தில் உள்ள எத்தனாலே அதற்கு முன் ஆளைக் கொன்றுவிடும்.

வீட்டில் வடிப்பதில் வேறு ஆபத்துகள் உள்ளன. ஆவி தீப்பற்றும். பழைய வாகன ரேடியேட்டரைக் குளிர்விப்பானாக வைத்தால் ஈயம் கலக்கும். ஒரே இரவில் ஒரு கிராமத்தில் 30 பேர் சாவதற்கு இவை காரணமாவதில்லை.

அப்படிச் சாவதற்கு மெத்தனாலை யாராவது வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

வைன் கொன்ற ஆண்டு

1986 மார்ச்சில் இத்தாலியின் மிலான் நகர மருத்துவமனைகளில், சாப்பாட்டோடு வைன் குடித்தவர்கள் பார்வை மங்கி வந்து சேர்ந்தார்கள். குடித்தது கடையில் வாங்கிய வைன். பாட்டிலில் முத்திரையும் லேபிளும் இருந்தன. விசாரணை மேற்கே பியட்மான்ட் பகுதியின் வைன் ஆலை ஒன்றுக்குப் போனது. நீர்த்த, மலிவான வைனின் ஆல்கஹால் அளவைக் கூட்டிக் காட்ட அங்கே மெத்தனால் ஊற்றியிருந்தார்கள். சில பாட்டில்களில் அது 5.7 விழுக்காடு வரை இருந்தது. அந்த வைனில் 175 மி.லி. குடித்தால் 10 மி.லி. மெத்தனால் உள்ளே போகும். ஒரு டம்ளர் போதும். 23 பேர் இறந்தார்கள். பலர் பார்வை இழந்தார்கள்.

மெத்தனாலை ஏன் ஊற்றினார்கள்? விலை. வைனில் ஆல்கஹாலைக் கூட்டச் சர்க்கரை சேர்ப்பது இத்தாலியில் சட்டவிரோதம், செலவும் கூட. மெத்தனால் மீதான வரி 1984-இல் தளர்த்தப்பட்டு அதன் விலை சரிந்தது. இரண்டு ஆண்டுக்குள் அது வைன் பீப்பாய்க்குள் வந்துவிட்டது.

அதற்கு 60 ஆண்டு முன்பு அமெரிக்காவில் இதே கணக்கு இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1920 ஜனவரி 17 அன்று அங்கே நாடு முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. கலிஃபோர்னியாவில் அப்போது 700-க்கும் மேற்பட்ட வைன் ஆலைகள் இருந்தன. 1933-இல் விலக்கு நீங்கியபோது சுமார் 140 எஞ்சின. திராட்சைத் தோட்டங்கள் அழியவில்லை, பரப்பளவில் கூடின. வீட்டில் பழச்சாறு செய்துகொள்ள மதுவிலக்குச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இடம் தந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. லோடை, நாப்பா, சொனோமா பகுதிகளின் திராட்சை ரயில் பெட்டிகளில் கிழக்கு நகரங்களுக்குப் போனது. தடித்த தோலுள்ள, பயணம் தாங்கும் ரகங்களை நட்டார்கள். லட்சக்கணக்கான வீடுகளின் நிலவறைகளில் வைன் புளித்தது.

சாவுப் பட்டியலை நிரப்பியது அந்த வைன் இல்லை. தொழிற்சாலை ஆல்கஹால்தான் நிரப்பியது. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலைக்கான ஆல்கஹாலுக்கு வரிவிலக்கு தந்தது. யாரும் குடிக்காதிருக்க அதில் மெத்தனால் போன்ற நஞ்சுகளைக் கலக்கச் சொன்னது. மதுவிலக்கு வந்தபின் கடத்தல்காரர்கள் அந்த ஆல்கஹாலைத் திருடி, நஞ்சைப் பிரித்தெடுக்க வேதியியலாளர்களை வைத்துக்கொண்டார்கள். அரசு பின்வாங்கவில்லை. 1927 முதல் கலக்க வேண்டிய மெத்தனால் அளவைக் கூட்டியது. பிரிப்பது கடினமானது. அரைகுறையாகப் பிரித்தது விற்பனைக்கு வந்தது.

அளவு கூடுவதற்கு முன்பே, 1926 கிறிஸ்துமஸ் முன்னிரவில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனைக்கு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். முதல் கணக்கில் 60-க்கும் மேற்பட்டோர் உடல்நலம் குன்றியிருந்தார்கள், 8 பேர் இறந்திருந்தார்கள். அடுத்த இரண்டு நாளில் இன்னும் 23 பேர் இறந்தார்கள். நகரின் தலைமைப் பிணக்கூறு அதிகாரி சார்லஸ் நாரிஸ் வெளிப்படையாக அரசைக் குற்றம் சாட்டினார். 1933-இல் மதுவிலக்கு முடிந்தபோது, நஞ்சூட்டிய ஆல்கஹாலால் இறந்தோர் குறைந்தது 10,000 பேர் என்று மதிப்பீடுகள் சொல்லின.

இத்தாலியில் மது சட்டப்படி விற்கப்பட்டது, அமெரிக்காவில் விலக்கப்பட்டிருந்தது. இரண்டு இடத்திலும் கொன்றது ஒன்றே. குடிக்கும் ஆல்கஹாலுக்கு அதிக விலை, தொழிற்சாலை ஆல்கஹாலுக்குக் குறைந்த விலை. இடையில் உள்ள வேறுபாடே விற்பவனின் லாபம்.

கேரளத்தின் நாட்காட்டி

1982 செப்டம்பர், ஓணக் காலம். கொச்சிக்கு எதிரே வைப்பின் தீவில் சாராயம் குடித்த 77 பேர் இறந்தார்கள். 60-க்கும் மேற்பட்டோர் பார்வை இழந்தார்கள். விற்றது உரிமம் பெற்ற சாராயக் கடை. மதுவில் நஞ்சு கலப்போருக்கான தண்டனைப் பிரிவு, 57-ஏ, அதன்பின் அப்காரிச் சட்டத்தில் கடுமையாக எழுதப்பட்டது. கலப்பால் உயிர் போனால் மரண தண்டனை வரை அதில் இடமுண்டு.

1996 ஏப்ரல் 1. ஏ.கே. அந்தோணி அரசு கேரளத்தில் சாராயத்தைத் தடை செய்தது. உரிமக் கடைகள் மூடின. குடித்தவர்கள் நிறுத்தவில்லை. வாங்கும் இடம் மாறியது.

2000 அக்டோபர். கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கல். நெய்யாற்றின்கரை வழியாகப் போகும் அதே தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே உள்ள ஊர். 31 பேர் இறந்தார்கள். சிலர் பார்வை இழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இந்த முறை விற்றது உரிமம் இல்லாத வீடு. சாராயத்தில் மெத்தனால் இருந்தது.

2010 செப்டம்பர். மலப்புறம் மாவட்டம் குற்றிப்புறம், வண்டூர் பகுதிகள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடித்தது கள். விற்றது உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள். கள் தானே புளிக்கும் பானம், பனையும் தென்னையும் தரும் சாற்றில் இயற்கை ஈஸ்ட் வேலை செய்து உண்டாவது. அதில் ஆல்கஹால் 8.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. மரத்திலிருந்து இறங்கும் கள் குறைவாகவும் கேட்பவர் கூடுதலாகவும் இருக்கும் இடத்தில், நீரும் ஸ்பிரிட்டும் சேர்த்து அளவைப் பெருக்குகிறார்கள். அந்த ஸ்பிரிட் எது என்பதுதான் குடிப்பவரின் விதி.

எல்லைக்கு மறுபக்கம், தமிழ்நாடு. 2023 மே. மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொழிற்சாலைக்குரிய மெத்தனால் சாராயமாக விற்கப்பட்டது. 2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 13 மாத இடைவெளி. முதல் சம்பவத்துக்குப் பின் கைதுகள் நடந்தன, அதிகாரிகள் மாற்றப்பட்டார்கள், மெத்தனாலைக் கண்காணிக்க உத்தரவுகள் வந்தன. இரண்டாவது சம்பவம் அவற்றுக்குப் பிறகு நடந்தது.

பட்டியலை ஒருமுறை திரும்பப் படித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். உரிமக் கடை, உரிமம் இல்லாத வீடு, கள், சாராயம், இத்தாலிய வைன். பானம் மாறுகிறது. கடை மாறுகிறது. சட்டம் மாறுகிறது. சேர்க்கப்பட்ட பொருள் மாறவில்லை. 2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங் சுற்றுலா ஊரில் 6 வெளிநாட்டுப் பயணிகள் இறந்ததும் அதே பொருளால்தான்.

எல்லைக் கோடு

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களான அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே விழுந்தது. இரு பக்கமும் சொந்தபந்தம் உண்டு. ஒரே சந்தைக்கு வருகிறார்கள். தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் பேசப்படுகின்றன.

மதுச் சட்டம் அந்தக் கோட்டில் முறிகிறது. தெற்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம், வடக்கே அப்காரிச் சட்டம். தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடை, கேரளத்தில் உரிமக் கடையில் கள் விற்கலாம். சாராயம் இரு பக்கமும் தடை. சில்லறை மது விற்பனை தெற்கே டாஸ்மாக் கையில். வடக்கே பெவ்கோவும் கன்ஸ்யூமர்ஃபெட்டும் விற்கின்றன. விலையும் வரியும் வேறு. வேறுபாடு உள்ள இடத்தில் சரக்கு நகரும்.

அதைத் தடுக்க நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே அமரவிளையில் கலால் சோதனைச் சாவடி நிற்கிறது. எரிசாராயம், அதாவது நீர் கலக்காத செறிந்த ஸ்பிரிட், கன்னாஸ் எனப்படும் கேன்களிலும் லாரிகளின் ரகசிய அறைகளிலும் அங்கே பலமுறை பிடிபட்டிருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சாவடிகள் நீங்கின, சரக்கு லாரிகள் நின்று போவது குறைந்தது. கலால் சாவடி தொடர்கிறது. அது நிற்பது நெடுஞ்சாலையில். வெள்ளறடை, குன்னத்துக்கால், காரக்கோணம் பக்கமும், கடலோரம் பொழியூர் பக்கமும் எல்லையைக் கடக்கும் ஊர்ச்சாலைகள் பல. இரு சக்கர வண்டிக்குப் போதுமான பாதைகள் அதைவிடப் பல.

எரிசாராயம் எத்தனால். அளவோடு நீர்த்தால் அது போதை தரும், அன்றே கொல்லாது. ஆபத்து அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஒரே மாதிரி கன்னாஸில், ஒரே மாதிரி நிறமின்றி, மெத்தனாலும் அதே பாதையில் வர முடியும். வாங்கும் சில்லறை வியாபாரியிடம் இரண்டையும் பிரித்தறியும் கருவி இல்லை. அவனுக்கு விற்றவனிடமும் பெரும்பாலும் இல்லை. கொலை செய்யும் நோக்கம் யாருக்கும் தேவையில்லை. ஒரு கன்னாஸ் மாறினால் போதும்.

தொழிற்சாலை ஆல்கஹாலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியே 35 ஆண்டு மாநிலங்களுக்கு எதிராக நின்றது. 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலை ஆல்கஹால் மாநிலத்தின் ‘மது’ அதிகாரத்துக்குள் வராது என்றது. 2024 அக்டோபர் 23 அன்று 9 நீதிபதிகள் அமர்வு 8-க்கு 1 என்ற கணக்கில் அதை மாற்றியது. மாநிலங்கள் இப்போது சட்டம் இயற்றலாம். அதிகாரம் வந்தது கருணாபுரத்துச் சாவுகளுக்கு நான்கு மாதம் கழித்து.

உடலின் நேரம்

மெத்தனால் உடலுக்குள் போனதும் கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. ஃபார்மிக் அமிலம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஆக்சிஜன் அதிகம் வேண்டிய பார்வை நரம்பு முதலில் பாதிக்கப்படுகிறது. இரத்தம் அமிலமாகிறது. மூச்சு வேகமாகிறது. பிறகு மயக்கம், வலிப்பு, சாவு.

இந்த மாற்றத்துக்குப் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதே மதுவில் எத்தனாலும் இருந்தால் இன்னும் தாமதமாகும். கல்லீரலின் நொதி மெத்தனாலைவிட எத்தனாலை 10 மடங்குக்கு மேல் விரும்பிப் பற்றும். எத்தனால் தீரும்வரை மெத்தனால் காத்திருக்கும். இரண்டும் கலந்து குடித்தவர் இரண்டாம் நாளிலும் நலமாக இருப்பது போலத் தோன்றலாம்.

ஒரு கிறிஸ்துமஸ் கால அட்டவணையில் வைத்துப் பார்க்கலாம். 24-ஆம் தேதி இரவு 10 மணிக்கு நால்வர் குடிக்கிறார்கள். வழக்கமான போதை, உறக்கம். 25 காலை கோயிலுக்குப் போகிறார்கள். மதியம் விருந்து. மாலையில் தலைவலி, வாந்தி, வயிற்று வலி. நேற்று குடித்ததன் விளைவு என்று எண்ணுகிறார்கள். எலுமிச்சைச் சாறு குடித்துப் படுக்கிறார்கள். இரவில் ஒருவர் விளக்கு மங்கலாக இருக்கிறது என்கிறார். கண்முன் வெண்மையாகப் பனி மூடியதாகத் தோன்றும் என்று மருத்துவ நூல்கள் இந்த நிலையை விவரிக்கின்றன. 26 அதிகாலை மூச்சு வாங்குகிறது. அப்போதுதான் வண்டி பிடிக்கிறார்கள். 28 மணி நேரத்துக்கு மேல் கழிந்துவிட்டது. இந்த மணிகளில் பெரும்பகுதி சிகிச்சைக்கு உகந்தவை.

சிகிச்சை உண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்து கல்லீரல் நொதியைத் தடுத்து மெத்தனால் அமிலமாவதை நிறுத்துகிறது. 2013-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அது சேர்ந்தது. விலை கூடியது, எளிதில் கிடைப்பதில்லை. அது இல்லாத இடத்தில் மருத்துவர்கள் அளந்து தரும் எத்தனாலே அந்த வேலையைச் செய்கிறது. சோடியம் பைகார்பனேட் இரத்தத்தின் அமிலத்தைச் சமன் செய்கிறது. டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது, மெத்தனாலையும் ஃபார்மிக் அமிலத்தையும் வெளியேற்றுகிறது. பார்வை நரம்பு சிதைவதற்கு முன் இவை தொடங்கினால் கண்ணும் உயிரும் தப்பலாம். சிதைந்த பின் தொடங்கினால் உயிர் தப்பினாலும் பார்வை பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை.

பாறசாலையில் தாலுகா மருத்துவமனை இருக்கிறது. நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனை. காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரி. திருவனந்தபுரம் நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். எல்லைக்குத் தெற்கே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. தூரம் இங்கே கொல்வதில்லை. குடித்ததைச் சொல்லத் தயங்குவது கொல்கிறது. வாங்கியது சட்டவிரோதம், விற்றவன் தெரிந்தவன், வீட்டில் தெரிந்தால் சண்டை, போலீஸ் வரும். இந்த நான்கு தயக்கங்களில் மணிகள் போகின்றன. எதைக் குடித்தார் என்று தெரியாத மருத்துவர் வயிற்றுக் கோளாறுக்கோ வெறும் போதைக்கோ மருந்து தர நேரும்.

ஊரில் நம்பும் சோதனைகள்

மெத்தனாலை வீட்டில் கண்டுபிடிக்கப் பல வழிகள் சொல்லப்படுகின்றன. தீ வைத்துப் பார்ப்பது, விரலில் தேய்த்துப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, ஒருவர் முதலில் குடித்துக் காத்திருப்பது. இவற்றில் ஒன்றும் நம்பத் தக்கதில்லை. மெத்தனாலும் எத்தனாலும் எரியும். கலவையில் சுடரின் நிறம் எதையும் உறுதி செய்யாது. மணமும் சுவையும் ஒத்தவை. முதலில் குடித்தவர் ஒரு மணி நேரத்தில் நலமாக இருப்பது எதையும் நிரூபிக்காது, நஞ்சு வேலை செய்ய 12 மணி நேரம் ஆகும். அதே ஆளிடம் வாங்கியதை முந்தைய வாரம் குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதும் நிரூபணம் ஆகாது. முந்தைய வாரத்துக் கன்னாஸ் வேறு. முத்திரையும் லேபிளும்கூடப் போதாது. இத்தாலியில் கொன்ற வைனும் பாட்டிலில்தான் வந்தது. ஆய்வகக் கருவி ஒன்றே பிரித்துச் சொல்லும். அது எந்த வீட்டிலும் இல்லை.

வீட்டு வைனுக்கும் இது பொருந்தும் ஓர் இடம் உண்டு. காட்டம் போதவில்லை என்று சிலர் பரணியில் வெளியிலிருந்து ஸ்பிரிட் ஊற்றுகிறார்கள். அதோடு 13 விழுக்காட்டு எல்லை போய்விடும். பெக்டின் கணக்கும் போய்விடும். 20 லிட்டர் குடித்தால்தான் ஆபத்து என்ற கணக்கு ஒரு டம்ளராகச் சுருங்கும். திராட்சையின் நிறமும் கிராம்பின் மணமும் சர்க்கரையின் இனிப்பும் ஊற்றியதை முழுதாக மறைக்கும். அந்தப் பரணியிலிருந்து பிள்ளைகளுக்கும் ஒரு வாய் போகும். எடை குறைந்த உடலுக்கு நஞ்சின் அளவும் குறைவாகவே போதும்.

ஆகவே சில செயல்கள். செய்முறையில் உள்ள பொருள்களைத் தவிர வேறு எதுவும் பரணிக்குள் போகக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாத எந்த மதுவையும், எந்த ஸ்பிரிட்டையும் குடிக்கக் கூடாது, எதிலும் கலக்கக் கூடாது. குடித்த ஒருவருக்கு 72 மணி நேரத்துக்குள் பார்வை மங்கினாலோ, கடும் வயிற்று வலியோ, வேகமான மூச்சோ வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். குடித்தது என்ன, எப்போது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மிச்சம் இருந்தால் பாட்டிலோடு கொண்டுபோக வேண்டும். அவரோடு சேர்ந்து குடித்த ஒவ்வொருவரையும், நலமாக இருப்பதாகச் சொன்னாலும், அதே வண்டியில் அழைத்துப் போக வேண்டும். அவர்களுடைய நேரமும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.